பிங் 'லாஸ் 0' என்றால் கேபிள் நல்லது என்று அர்த்தமில்லை

குமுளி ஏலக்காய்க் கடைகளில் பில் போட இன்னும் சில பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர்கள்தான். கணக்கு மென்பொருள் அதில் மட்டும் ஓடும், என்ன செய்வது? துலா மாத இடிமழை முடிந்த மறுநாள் "தம்பி, பில் வரமாட்டேங்குது" என்று போன் வரும்.

அப்படிப் போன ஒரு கடையில் நானே ஏமாந்தேன். விண்டோஸ் செவனில் சர்வரை பிங் செய்தேன், அதாவது நான்கு சிறு பாக்கெட்டுகளை அனுப்பி பதில் வருகிறதா என்று பார்த்தேன். கடைசி வரியில் அனுப்பியது 4, வந்தது 4, தொலைந்தது (லாஸ்) 0. லைன் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டி, அரை நாள் மென்பொருளோடு மல்லுக்கட்டினேன். இடியில் போனது நெட்வொர்க் சுவிட்சில் கேபிள் செருகும் போர்ட். மேலே இருந்த நான்கு வரிகளையும் படித்திருந்தால் தெரிந்திருக்கும்: 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று சொன்னது சர்வர் இல்லை, அதே கம்ப்யூட்டரின் ஐபி முகவரி. 'போய்ச் சேர முடியவில்லை' என்பதையும் விண்டோஸ் பதில் கணக்கில்தான் சேர்க்கிறது. ஐபிவி4 முகவரிக்கு (புள்ளி வைத்த நான்கு எண்) பிங் செய்தால், வரியில் 'TTL=' என்று டிடிஎல் எண் இருந்தால்தான் அது உண்மையான பதில்.

விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் ஏஎம்டி டூயல் கோர் பிராசசரில் பிங் நேரம் மைனஸில் வந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். இரண்டு கோர்களின் கடிகாரமும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். விண்டோஸ் தொடங்கும்போது படிக்கும் பூட் டாட் ஐஎன்ஐ கோப்பில் 'யூஸ்பிஎம்டைமர்' சேர்த்தால் சரியாகும்.

அடுத்தது, பைட் கணக்கு, அதாவது நெட்வொர்க்கில் எவ்வளவு தரவு போய்வந்தது என்ற எண்ணிக்கை. நாள் முழுக்க ஓடிய கம்ப்யூட்டர் காலையில் காட்டியதைவிடக் குறைவாக மாலையில் காட்டும். பழைய 32 பிட் கவுன்ட்டர் 4,29,49,67,295 வரைதான் எண்ணும். அப்புறம் பழைய ஜீப்பின் கிலோமீட்டர் மீட்டர் மாதிரி பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். 100 எம்பிபிஎஸ் லைன் முழு வேகத்தில் ஓடினால் ஆறு நிமிடத்துக்குள் ஒரு சுற்று முடியும். கிகாபிட்டில் 34 நொடி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படிக்கும் கிராஃப் இதில் எத்தனை சுற்றைத் தவறவிடும் என்று பாருங்கள். 64 பிட் கவுன்ட்டரைப் படிக்கலாம், ஆனால் எஸ்என்எம்பி (கவுன்ட்டர்களை நெட்வொர்க் வழியாகப் படிக்கும் முறை) முதல் பதிப்பில் அது கிடைக்காது. இரண்டாவது பதிப்புக்கு மாற்ற வேண்டும்.

'நெட்ஸ்டாட் -இ' கட்டளை காட்டும் பிழை எண்ணும் இப்படித்தான். மூவாயிரம் என்று பார்த்ததும் நெட்வொர்க் கார்டைக் கழற்றாதீர்கள். கம்ப்யூட்டரை ஆன் செய்ததிலிருந்து சேர்ந்த மொத்தம் அது. எண்ணைக் குறித்துக்கொண்டு ஒரு பெரிய கோப்பை காப்பி செய்யுங்கள், பிறகு மறுபடி பாருங்கள். பிங் சுகமாகப் போய், காப்பி மட்டும் நத்தையாக ஊர்ந்து, பிழையும் ஏறினால் டூப்ளெக்ஸைப் பாருங்கள்: ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் முடிந்தால் ஃபுல், மாற்றி மாற்றி என்றால் ஹாஃப். யாரோ ஒரு பக்கம் 100 ஃபுல் என்று கட்டிவைத்து, மறுபக்கத்தை ஆட்டோவில் (தானே பேசித் தீர்மானிக்கும்படி) விட்டிருப்பார்கள். ஆட்டோ பக்கம் ஹாஃபில் போய் நின்றிருக்கும். இரண்டு பக்கமும் ஆட்டோவில் போட்டுவிட்டு, கடைக்காரர் சொன்ன டீ வருவதற்குள் மறுபடி காப்பி செய்து பார்த்துவிடலாம்.