சண்டைக் காட்சியை ஒருமுறை மியூட்டில் பாருங்கள்

குங்ஃபூ படங்கள் பிடிக்கும் என்றால் இதைச் செய்து பாருங்கள். பிடித்த சண்டையை முதலில் வழக்கம்போல் பார்த்துவிட்டு, அப்புறம் சத்தத்தை மொத்தமாக நிறுத்திவிட்டு இன்னொரு தடவை ஓட்டுங்கள். அந்த 'டிஷ்யூம்' போனதும் எந்த அடிக்கு உண்மையிலேயே கனம் இருக்கிறது, எது வெறும் சத்தத்தால் பிழைத்தது என்று பளிச்சென்று தெரிந்துவிடும். மூன்றாவது தடவை ஹீரோவை விட்டுவிட்டு அடி வாங்குகிறவரை மட்டும் கவனியுங்கள், பாதிச் சண்டையைத் தூக்கி நிறுத்துவது அவர்தான் (பாவம், பேர்கூட நமக்குத் தெரியாது).

எதில் ஆரம்பிக்கலாம் என்றால், 1985-ல் வந்த ஜாக்கி சானின் 'போலீஸ் ஸ்டோரி' கடைசிச் சண்டை. ஷாப்பிங் மாலில் கண்ணாடி கண்ணாடியாக உடையும். கேமரா பெரும்பாலும் கொஞ்சம் தள்ளியே நிற்கும், அடிப்பவரும் அடிபட்டு விழுபவரும் ஒரே ஃபிரேமில் இருப்பார்கள், அதனால்தான் அந்த வலி நமக்கும் வந்து சேர்கிறது. விளக்குச்சரம் சுற்றிய கம்பத்தைப் பிடித்து ஜாக்கி சான் மேலிருந்து சறுக்கி வரும் இடத்தை வேறு வேறு கோணத்தில் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். எடிட்டிங் தப்பு என்று நினைத்துவிடாதீர்கள், மனுஷன் நிஜமாகவே குதித்து உள்ளங்கை வெந்துபோன ஷாட் அது, ஒரு தடவை காட்டிவிட்டு விடுவார்களா!

ஆங், படம் முடிந்ததும் அணைத்துவிடாதீர்கள். சொதப்பிய டேக்குகள் பேர் ஓடும்போதுதான் வரும்.