இஸ்தான்புல் போனா பாலியூக்டஸ் சர்ச் இடிபாட்ட இப்படி பாருங்க

ஹாகியா சோஃபியா பாக்கப் போறவங்க ஒரு அரைநாள் மிச்சம் வச்சு சராச்சானேங்கற ஏரியா பக்கமும் போங்க. மெட்ரோல வெஸ்னெஜிலர் ஸ்டேஷன்ல எறங்கி, ரோமப் பேரரசர் வாலென்ஸ் கட்டின பெரிய நீர்ப்பாலம் இருக்குற தெசைல நடந்தா, மாநகராட்சி ஆபீசுக்கு எதுத்தாப்ல செங்கல் சுவரும் பள்ளமுமா ஒரு எடம் கெடக்கும், அதான் பாலியூக்டஸ் சர்ச், ஒண்ணுமே இல்லாத மாதிரிதான் தெரியும், ஆனா தயவுசெஞ்சு திரும்பிடாதீங்க.

மேலேருந்து கீழ படிக்கணும் இத. மொதல்ல ரோடு. 1960ல ரோடு வேலைக்கு மண்ணு தோண்டறப்பதான் எழுத்து செதுக்கின பளிங்குக் கல்லுங்க வெளிய வந்துச்சு. அதுக்கு அடியில ஒட்டோமான் காலம், அதுக்கும் அடியில சர்ச் பாழாகி பொணம் பொதைக்கிற எடமா ஆன 12ஆம் நூற்றாண்டு, எல்லாத்துக்கும் கீழதான் 524லேருந்து 527 வாக்குல அனிசியா ஜூலியானாங்கற அரச குடும்பத்து அம்மா கட்டின சர்ச். இன்னொன்னு, பள்ளத்துல நிக்கிறது பூரா அடித்தளம்தான், ஜனங்க நின்னு கும்பிட்ட தரை அதுக்கும் மேல இருந்துச்சு, அதனால கண்ண தூக்கி வெறும் வானத்த பாத்து அங்க கட்டடத்த நெனச்சுக்கோங்க.

போறதுக்கு முன்னாடி ஒரு பாட்டு படிச்சே ஆகணும். சர்ச் சுவர்ல செதுக்கியிருந்த 76 வரி கிரேக்கப் பாட்ட யாரோ பழைய காலத்துலயே ஏட்டுல எழுதி வச்சிருந்தாங்க, தோண்டி எடுத்த கல்லுல இருந்த வரி அதோட அப்படியே பொருந்துச்சு, அதவச்சுதான் இது ஜூலியானா சர்ச்னே தெரிஞ்சுது. எனக்கு இத நெனச்சா இன்னிக்கும் சிலிர்க்கும். ஜெருசலேம் கோயில கட்டின சாலமோன் ராஜாவையே மிஞ்சிட்டாங்கன்னு அதுல அந்தம்மாவ புகழ்ந்திருக்கு. அவங்க சாதாரண ஆள் இல்ல, அப்பா ஒலிப்ரியஸ் 472ல மேற்கு ரோமுக்கு பேரரசர். இந்த சர்ச் முடிஞ்சு பத்து வருஷம் கழிச்சு 537ல ஹாகியா சோஃபியாவ முடிச்ச பேரரசர் ஜஸ்டினியன் "சாலமோனே, உன்ன ஜெயிச்சுட்டேன்"னு சொன்னதா ஒரு கதை உண்டு, அது ஜூலியானாவுக்கு சொன்ன பதில்னுதான் எனக்கு படுது.

அப்புறம் கல்லு போன வழிய தேடிப் போங்க. தோகை விரிச்ச மயில் செதுக்கின துண்டுங்கள ஆர்க்கியாலஜி மியூசியத்துல கேட்டுப் பாருங்க. ரெண்டு தூண் வெனிஸ்ல சான் மார்க்கோ சர்ச்சுக்கு தெக்கால நிக்குது. இப்ப இஸ்ரேல்ல இருக்குற ஆக்கர் ஊர்லேருந்து ஜெயிச்சு கொண்டாந்ததுன்னு ரொம்ப காலம் சொல்லிட்டிருந்தாங்க, பேரே ஆக்கர் தூண்தான், ஆனா 1964லேருந்து 69 வரைக்கும் மார்ட்டின் ஹாரிசனும் நெஸிஹ் ஃபிராத்லியும் சராச்சானேல தோண்டினப்ப அதே செதுக்கல் அப்படியே கெடைச்சுது. 1204ல சிலுவைப்போர்க்காரங்க இஸ்தான்புல்ல சூறையாடினதுக்கு அப்புறம் போன கல்லுங்க அது.