யாரிடம் சொல்வது, எதைக் கேட்பது: திருகோணமலைத் தன்பாலீர்ப்பாளருக்கு

"ஊர் எங்களை ஏற்குமா?" என்று தொடங்கினால் ஒன்றும் நகராது. உங்களுக்குத் தெரிந்தவர்களை மனதுக்குள் மூன்றாகப் பிரியுங்கள். யாருடைய அன்பில்லாமல் இருக்கவே முடியாதோ, அவர்கள் முதலாவது. மூன்று நாலு பேருக்கு மேல் வரமாட்டார்கள். சம்பளம், வாடகை வீடு, படிப்பு இவற்றைக் கையில் வைத்திருப்பவர்கள் இரண்டாவது. கோயில் வாசலில் விசாரிக்கும் மாமி முதல் சந்திக்கடை முதலாளி வரை மற்ற எல்லாரும் மூன்றாவது. முதலாமவர்களிடம் ஏற்பைக் கேளுங்கள். இரண்டாமவர்களிடம் நியாயம் மட்டும் போதும். மூன்றாமவர்களிடம் கேட்க ஒன்றுமில்லை. அவர்களுக்கு விளக்கம் சொல்லியே களைத்துப் போகிறவர்கள் அதிகம்.

பெரும்பான்மையின் சம்மதம் உண்மையிலேயே தேவைப்படுவது சட்டத்தை மாற்றுவதற்கு. தன்பாலுறவைக் குற்றமாக்கும், இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. 1995 திருத்தத்தோடு 365அ பெண்களையும் பிடித்துக்கொண்டது. 365அவுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை. வயது வந்த இருவர் விரும்பிச் செய்ததற்குச் சிறை பொருத்தமில்லை என்று 2016இல் உயர் நீதிமன்றம் சொன்னது. இந்தப் பிரிவுகளை மாற்றும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று அதே நீதிமன்றம் 2023 மே மாதம் தீர்மானித்தது. பாராளுமன்றம் அதை நிறைவேற்றவில்லை. ஆனால் ஒன்றைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: சட்டம் சொல்வது செயலைப் பற்றி. "நான் இப்படித்தான்" என்று சொல்வது குற்றமில்லை.

பொலிஸ் மறித்தால் காரணத்தைக் கேளுங்கள். கைது என்றால் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி நீட்டினால், விளங்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழில் எழுதும்படி கேட்க உரிமை உண்டு. பிறகு மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள். அடிப்படை உரிமை வழக்குக்கு ஒரு மாதம்தான் தவணை. அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால் விசாரணைக் காலம் கணக்கில் சேராது. பலருக்கு வழக்கு கைநழுவுவது இந்தத் தவணையைத் தெரியாததால்தான்.

வீட்டில் சொல்ல முன்னம் கால் ஊன்ற இடம் வேண்டும். அடையாள அட்டை, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், பரீட்சைச் சான்றிதழ்கள் உங்கள் கையில் இருக்கட்டும். அப்பாவுக்கு இரகசிய இலக்கம் தெரியாத வங்கிக் கணக்கில் மூன்று மாத வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் காசு சேருங்கள். போய் நிற்க ஒரு வீடு பாருங்கள், ஆனால் உப்புவெளியில் வேண்டாம். அடுத்த நாளே செய்தி வந்துவிடும். கொழும்பில் வெள்ளவத்தையும் அப்படித்தான், தெருவுக்குத் தெரு நம் ஊர்ச் சனம். பெண்களுக்கு இந்த ஆயத்தம் இரண்டு மடங்கு கடினம், தனியே வாடகைக்கு அறை கிடைப்பதே பாடு. அதனால் வேலை கிடைக்கும்வரை சொல்லாமல் இருப்பது கோழைத்தனமில்லை.

அதிகம் காட்டிக்கொடுப்பது போன். திரை பூட்டியிருக்கும்போது செய்தியின் வரிகள் தெரியாதபடி அறிவிப்பை மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" பகுதியைப் பாருங்கள். எப்போதோ தம்பியின் லப்டொப்பில் திறந்தது அங்கே அப்படியே கிடக்கலாம். கூகுள் போட்டோஸ் வீட்டு டெப்புடன் ஒரே கணக்கில் இருந்தால் படமெல்லாம் அங்கேயும் போகும். செயலியில் அறிமுகமானவரை முதலில் வீடியோவில் பேசி உறுதிப்படுத்துங்கள். பிறகு பகலில், டச்சு பே கடற்கரைபோல ஆள் நடமாடும் இடத்தில் சந்தியுங்கள். முகம் தெரியும் அந்தரங்கப் படம் அனுப்பவே வேண்டாம். மிரட்டிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள், ஒருமுறை கொடுத்தால் தொகை ஏறும். செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்து, பொலிசுக்கு முன் சட்டத்தரணியிடம் போங்கள்.

முதலில் சொல்ல அக்காவோ மச்சானோ நல்லது. பிறருடைய இரகசியத்தை உங்களிடம் வந்து அவிழ்க்கிற ஆளை விட்டுவிடுங்கள். அம்மாவிடம் சொல்வதானால் கலியாணப் பேச்சுச் சண்டைக்கு நடுவிலும், செத்த வீட்டிலும், திருவிழா நாளிலும் வேண்டாம். மத்தியானச் சமையல் முடிந்து அவர் தனியே இருக்கும் நேரம் பாருங்கள். நீளமாகப் பேசாதீர்கள். மகன் என்றால் இவ்வளவு போதும்: "அம்மா, எனக்குப் பொம்பிளப்பிள்ளைகளில ஆசை வராது. சின்னனில இருந்தே இப்பிடித்தான். ஒருத்தரும் என்னைக் கெடுக்கேல்ல. உங்கட வளர்ப்பிலயும் பிழையில்ல." கடைசி இரண்டு வசனங்களை விடவே கூடாது. அம்மாவின் நெஞ்சில் முதலில் குத்துவது "நான் எங்க பிழை விட்டன்?" என்பதுதான். அதற்கு மறுமொழி முந்திக் கிடைத்தால்தான் மிச்சம் காதில் ஏறும்.

"டொக்டரிட்டக் காட்டுவம்" என்பார். உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது என்று சொல்லுங்கள். "கட்டி வைச்சாச் சரி வரும்" என்பதற்கு மட்டும் இளகாதீர்கள். அங்கே இன்னொருவரின் வாழ்க்கையும் சேர்ந்து போகிறது. தரகர் கைக்குக் குறிப்பும் படமும் போக முன்னம் மறுத்துவிடுங்கள். சாதகம் மாறிய பிறகு மறுத்தால் அது இரண்டு வீட்டு மானப் பிரச்சினையாகிவிடும். பிள்ளையின் மனதை யாரும் பார்க்கமாட்டார்கள்.

அன்றைக்கே "சரி மகன்" வரவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அழுகை, பேசாமை, கோயில் நேர்த்தி எல்லாம் வரும். இரவு தாங்க முடியாவிட்டால் 1926 தேசிய மனநல உதவி இலக்கம், அம்மாவும் எடுக்கலாம். அதன்பிறகு ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: முதலில் பொருத்தம் பார்ப்பதை நிறுத்தச் சொல்லுங்கள், அது ஒத்துவந்தால் சொந்தக்காரரிடம் இதைப் பேசாதிருக்கக் கேளுங்கள். துணையை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிவரும் பேச்சை, அந்த இரண்டும் நிலைத்த பிறகு எடுங்கள்.