கல்யாணத்தில், ஜப்பானின் நட்சத்திர விழாவான தனபாத்தாவின் மரம் வைக்கப் போகிறீர்களா?

மூங்கில் கிளையில் வண்ணச் சீட்டுகள் ஆட, வந்தவர்கள் எல்லோரும் மணமக்களுக்காக ஒரு ஆசையை எழுதிக் கட்டுவது அழகான யோசனை. எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் பலரும் சறுக்குவது அலங்காரத்தில் இல்லை, கதையில்.

தனபாத்தா ஜூலை 7 அன்று வரும். ஜப்பானின் சென்தாய் நகரில் மட்டும் ஆகஸ்ட் 6 முதல் 8 வரை. விழாவின் கதைப்படி, நெசவு நெய்யும் பெண் ஒரிஹிமேவும் மாடு மேய்க்கும் ஹிகோபோஷியும் கல்யாணமானதும் வேலையை மறந்துவிடுகிறார்கள். கோபம் கொண்ட அவளுடைய அப்பா இருவரையும் பால்வீதியின் இரு கரைகளில் பிரித்து வைக்கிறார். ஆண்டுக்கு ஓர் இரவுதான் சந்திப்பு. இப்படிப் பிரிந்த தம்பதியைச் சொல்லி, "இவர்களைப் போல வாழ்க" என்று மேடையில் வாழ்த்தலாமா? ஜப்பானியக் கல்யாணப் பேச்சில் பிரிவது, வெட்டுவது, முடிவது போன்ற சொற்களையே தவிர்ப்பார்கள். சீட்டு கட்டும் வழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள், கதையை விட்டுவிடுங்கள்.

அடுத்தது முடிச்சு. இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், இல்லை. அங்கே கல்யாண மொய் உறையில் மிசுஹிகி என்னும் காகித நூலை, இழுத்தாலும் அவிழாத முசுபிகிரி முடிச்சாகக் கட்டுவார்கள். ஷூ லேஸ் போல அவிழ்த்துத் திரும்பக் கட்டும் பூ முடிச்சு, குழந்தை பிறப்பு போல மறுபடி வரலாம் என்ற நல்ல காரியங்களுக்கு. கல்யாணம் ஒரு தடவைதான் என்பது எண்ணம். ஆகவே ரிப்பனில் பூ முடிச்சு போட்டுத் தொங்கவிடாதீர்கள். சீட்டில் ஓட்டை போட்டு, நூலை இறுக்கி இரட்டை முடிச்சு போடச் சொன்னால் போதும்.

ஜப்பானியக் கோயில் வழக்கங்களை இதில் கலப்பதும் தவறு. எமா என்பது தெய்வத்திடம் வேண்டிக்கொண்டு மாட்டும் மரப்பலகை. ஒமிகுஜி குறி சொல்லும் சீட்டு; கெட்ட பலன் வந்தால் பலர் அதை அங்கேயே கட்டிவிட்டு வருவார்கள். மடித்த ஒமிகுஜி போன்ற சீட்டுகளைக் கல்யாண மரத்தில் தொங்கவிட்டால், விவரம் தெரிந்தவருக்கு அது உறுத்தும். தன்சாகு எனப்படும் நீளச் சீட்டே போதும்.

மூங்கிலை முதல் நாளே வெட்டி வைக்காதீர்கள், இலை சீக்கிரம் சுருண்டுவிடும். அன்று காலையில் வெட்டுங்கள்.

அப்புறம், விழா முடிந்ததும் முன்பெல்லாம் மூங்கிலை ஆற்றில் மிதக்க விடுவார்கள். அதை நாம் செய்ய வேண்டாம், தண்ணீர் கெடும். மண்டபத்தைக் காலி செய்பவர்கள் சீட்டுகளைக் குப்பையில் போடுவதற்குள், பொறுப்பாக ஒருவரை நிறுத்தி எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் சேர்த்து மணமக்களிடம் கொடுத்துவிடுங்கள்.