லண்டன் அண்டர்கிரவுண்ட் சிக்னலையும் ட்ரெயின் ஸ்டாப்பையும் பார்த்துப் புரிஞ்சுக்கிறது எப்படி?

பிக்காடிலி லைன்ல ரயில் கிளம்பிப் போற பக்கம், பிளாட்ஃபார்ம் கடைசியில மஞ்சள் கோட்டுக்குப் பின்னாடி நின்னு பாருங்க. சிக்னல்ல சிவப்பு, பச்சை ரெண்டுதான். மஞ்சள் தெரிஞ்சா அது ரிப்பீட்டர், அடுத்த சிக்னல் சிவப்புன்னு முன்கூட்டியே சொல்றது, அதைத் தாண்டிப் போகலாம்.

தண்டவாளத்துல சின்னதா ஒரு கரண்ட் ஓடிட்டே இருக்கும், ரயில் சக்கரம் ஏறினதும் அது ஷார்ட் ஆகி ரிலேங்கிற கரண்ட் சுவிட்ச் விழுந்து சிக்னல் தானா சிவப்பாயிடும், கரண்ட் போனாலும் சிவப்புதான்.

இப்ப கீழ பாருங்க, தண்டவாளம் பக்கத்துல ஒரு சின்ன இரும்புக் கை இருக்கும், அதுதான் ட்ரெயின் ஸ்டாப். சிவப்புன்னா நிமிர்ந்து நிக்கும், பச்சைன்னா படுத்துக்கும். டிரைவர் சிவப்பைத் தாண்டிட்டா அந்தக் கை ரயிலுக்கு அடியில இருக்கிற ட்ரிப்காக்குங்கிற பிரேக் வால்வைத் தட்டி எமர்ஜென்சி பிரேக் போட்டுடும். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது, கையை இறக்கத்தான் அழுத்தக் காத்து வேணும், தூக்குறது வெறும் ஸ்பிரிங், அதனால காத்து போச்சுன்னா கை தானா நிமிர்ந்து ரயிலை நிறுத்திடும். பிரேக் போட்டதும் ரயில் உடனே நிக்காதில்ல, அதுக்காக சிக்னலுக்கு அப்புறமும் கொஞ்ச தூரம் காலியா இருக்கணும், அதுக்குப் பேர் ஓவர்லாப்.

1975 பிப்ரவரி 28ல லைன் முடியற மூர்கேட் ஸ்டேஷன்ல ரயில் வேகம் குறையாம முட்டுச்சுவர்ல மோதி 43 பேர் செத்தாங்க. அதுக்கப்புறம் லைன் முடியற ஸ்டேஷன்கள்ல ரயில் மெதுவா வந்தாத்தான் கை இறங்கற மாதிரி வெச்சாங்க.

விக்டோரியா லைன்ல இந்தக் கையைத் தேடாதீங்க, அந்த லைன்ல 1968ல திறந்தப்பவே ரயில் தானா ஓடற ஆட்டோமேட்டிக் முறைதான்.