பேக்கேமன் எண்கள் குழப்பியதும் தெளிந்ததும்
பேக்கேமன் என்ற பலகை விளையாட்டில், தொடக்கத்தில் இரு பகடைகளில் 3-1 விழுந்தால் 8/5, 6/5 என்று ஆடச் சொல்வார்கள். அதாவது பலகையில் வரைந்த முக்கோணங்களில் 8-இலிருந்து ஒரு காய் 5-க்கு, 6-இலிருந்து இன்னொன்றும் 5-க்கு. என் காய்களுக்குச் சரியாக வந்தது. எதிராளி ஆடும்போது அதே எண்களை வைத்துப் பார்த்தால் ஒன்றும் பொருந்தவில்லை. எண்கள் பலகைக்குச் சொந்தம் என்று நினைத்ததுதான் என் தப்பு. அவை ஆடுபவருக்குச் சொந்தம்.

என் வீட்டின், அதாவது என் காய்கள் கடைசியில் வந்து சேரும் பகுதியின், கடைக்கோடி முக்கோணம் 1. அங்கிருந்து சுற்றிப் போனால் எதிராளியின் வீட்டுக் கடைக்கோடி எனக்கு 24. காய்கள் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணுக்கு இறங்கும். ஒரே முக்கோணத்துக்கு இருவரும் சொல்லும் எண்களைக் கூட்டினால் எப்போதும் 25: என் 5 அவருக்கு 20. இது பிடிபட்ட பிறகு குழப்பமே இல்லை.

இப்போது 24-இல் 2, 13-இல் 5, 8-இல் 3, 6-இல் 5 என்று முணுமுணுத்தபடியே ஆட்டத் தொடக்கத்தில் என் காய்களை அடுக்குகிறேன். சந்தேகம் வந்தால் எண்ணையும் காய்களையும் பெருக்கிக் கூட்டுவேன். 167 வரவில்லையென்றால் ஏதோ ஒரு காய் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது.