‘சபாஷ்’ சொல்லிப் பழகுங்கள்: நாயின் முன்னேற்றத்தைக் கொண்டாடும் முறை

எங்கள் வீட்டு மிளகு ஒரு நாட்டு நாய். மூன்று மாதக் குட்டியாக வந்தவள். யார் வந்தாலும் முன்னங்கால் இரண்டையும் தூக்கி அவர்கள் இடுப்பில் வைத்துவிடுவாள். குட்டியாக இருந்தவரை அது அழகாக இருந்தது. எட்டு மாதத்தில் நன்றாக வளர்ந்தபிறகு, முழங்கால் வலியோடு வரும் பெரியம்மா வாசலைத் தாண்டவே பயந்தார். உட்காரப் பழக்கி ஐந்து வாரம் ஆகியிருந்தபோது, கேஸ் சிலிண்டர் போட வந்த அண்ணனைப் பார்த்ததும் மிளகு தானாகவே உட்கார்ந்தாள். எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாலு பேரும் கைதட்டிக் கத்தினோம். அடுத்த நொடி அவள் அந்த அண்ணன் மேல் பாய்ந்துவிட்டாள்.

அவள்மேல் தப்பில்லை. உட்கார்ந்ததைப் பாராட்டுவதாக நினைத்து அவளைக் குதிக்க வைத்தது நாங்கள்தான். நாய்க்குப் புரிகிற மாதிரி, புரிகிற நொடியில் கொண்டாடினால்தான் அது அடுத்த தடவையும் அதையே செய்யும். அன்றிலிருந்து நாங்கள் செய்துவருவதை, முதல் தடவை நாய் வளர்ப்பவர்களுக்காகப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: ஒரே ஒரு பழக்கம், ஒரு காலண்டர்

எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டாம். ஒரு பழக்கத்தை மட்டும் எடுங்கள். ‘நல்ல பிள்ளையாக இருக்க வேண்டும்’ என்று எழுதினால் எண்ண முடியாது. ‘ஆள் வந்தால் நாலு காலும் தரையில் இருக்க வேண்டும்’ என்று எழுதினால் எண்ணலாம். சமையலறையில் தொங்கும் மாதக் காலண்டர் போதும். அந்த நாள் கட்டத்தில், எத்தனை தடவை முயன்றதில் எத்தனை தடவை சரியாகச் செய்தது என்று குறியுங்கள். பயிற்சி தொடங்கும் முன்பே இரண்டு நாள் குறித்துவிடுங்கள். எங்கிருந்து கிளம்பினோம் என்று தெரியாவிட்டால் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதும் தெரியாது.

படி 2: அதற்கு எது பிடிக்கும்?

பரிசு எது என்பதை நாய்தான் முடிவு செய்யும். இட்லித் துண்டு, வேகவைத்த முட்டை, வேகவைத்த கோழி மூன்றையும் தனித்தனியாகக் காட்டிப் பாருங்கள். எதற்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவருகிறதோ அதுதான் உயர்ந்த பரிசு. அதைத் தினமும் கொடுக்காமல் பெரிய வெற்றிக்கு எடுத்து வையுங்கள். துண்டு பட்டாணி அளவுதான் இருக்க வேண்டும். இப்படிக் கொடுப்பதெல்லாம் சேர்ந்து அன்றைய உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

சாப்பாடு மட்டும்தான் பரிசு என்றில்லை. மிளகுக்கு, கயிற்றைத் தளர்த்தி வேப்பமரத்தடியை ஆசைதீர மோந்து பார்க்க விடுவது கோழியைவிடப் பெரிய பரிசு.

படி 3: ஒரு சொல்லுக்கு மதிப்பு ஏற்றுங்கள்

நாங்கள் எடுத்துக்கொண்ட சொல் ‘சபாஷ்’. முதல் இரண்டு மூன்று நாள் வேறு எதையும் கேட்காதீர்கள். ‘சபாஷ்’ என்று சொல்லி உடனே ஒரு துண்டு கொடுங்கள். ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை. சொல் காதில் விழுந்ததும் நாய் சட்டென்று திரும்பி உங்கள் கையைப் பார்த்தால், சொல்லுக்கு மதிப்பு வந்துவிட்டது என்று அர்த்தம். இனி நாய் சரியாகச் செய்கிற அந்த நொடியிலேயே ‘சபாஷ்’ வர வேண்டும். துண்டு அதன் பின்னாலேயே வரட்டும். டப்பாவைத் தேடி எடுத்து அப்புறம் பாராட்டினால், அதற்குள் நாய் எழுந்து கொட்டாவி விட்டிருக்கும்; பாராட்டு கொட்டாவிக்குப் போய்ச் சேரும்.

வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்லுங்கள். அப்பா ‘உட்காரு’, அக்கா ‘சிட்’, பாட்டி ‘உக்காரும்மா’ என்றால் அதற்கு அது மூன்று பாடம்.

படி 4: வெற்றியைச் சின்னதாக நறுக்குங்கள்

விருந்தாளி முன்னால் உட்காருவது கடைசிப் பாடம். முதலில் வீட்டு ஆளே வெளியே போய்விட்டு உள்ளே வரட்டும். அடுத்து, அவர் காலிங் பெல் அடித்துவிட்டு வரட்டும். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர், அப்புறம் பையோடு வருகிறவர். பத்துக்கு எட்டுத் தடவை சரியாக வந்தால் அடுத்த படிக்குப் போங்கள். தொடர்ந்து இரண்டு மூன்று தடவை தவறினால் ஒரு படி கீழே இறங்குங்கள். இறங்குவதில் தவறே இல்லை. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் தாராளம்.

படி 5: கொண்டாட்டத்தின் அளவு

வழக்கமாகச் செய்வதற்கு ஒரு துண்டு போதும். முதன்முதலாகச் செய்துகாட்டினால் ஐந்தாறு துண்டை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் கொடுங்கள். கூப்பிட்டதும் ஓடிவந்ததா? அப்போது சிரியுங்கள், கூடவே ஓடுங்கள், பந்தை எறியுங்கள். அமைதியாக இருந்ததற்கு அமைதியாகத்தான் கொண்டாட வேண்டும். மெல்லிய குரலில் ‘சபாஷ்’ சொல்லி, உட்கார்ந்த இடத்திலேயே வாயருகே துண்டைக் கொடுங்கள். நாங்கள் சறுக்கியது இங்கேதான்.

சந்தோஷத்தில் கட்டிப்பிடிப்பது மனிதர்களுக்குச் சரி. நாய் உதட்டை நக்கினாலோ, முகத்தைத் திருப்பினாலோ, காதைப் பின்னால் மடித்தாலோ அதற்கு அது பிடிக்கவில்லை. தலையில் தட்டாமல் மார்பைச் சொறிந்துவிட்டுப் பாருங்கள். கையை எடுத்ததும் அது இன்னும் நெருங்கி வந்தால் தொடரலாம்.

படி 6: வீட்டோடு ஒரு விருந்து

மாதம் ஒருமுறை, காலண்டரில் ஒரு பழக்கம் பத்துக்கு எட்டை எட்டினால், மிளகுக்கு நான் ஆவியில் வேகவைத்த கேக் செய்கிறேன். கோழிக் கொத்துக்கறி 200 கிராம், ஒரு முட்டை, துருவிய கேரட் ஒன்று, கேழ்வரகு மாவு ஒரு ஸ்பூன். உப்பு, எண்ணெய், மசாலா எதுவும் வேண்டாம். பிசைந்து இட்லித் தட்டில் வைத்து 15 நிமிடம் வேகவிடுங்கள். நடுவில் கறி முழுக்க வெந்திருக்கிறதா என்று பிட்டுப் பார்த்து, ஆறவைத்துக் கொடுங்கள். அன்று இரவுச் சாப்பாட்டைக் குறைத்துவிடுங்கள்.

நம் விருந்தில் இருந்து எடுத்துக் கொடுக்க மட்டும் வேண்டாம். பாயசத்திலும் சர்க்கரைப் பொங்கலிலும் உலர்திராட்சை இருக்கும். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. பிரியாணியில் உள்ள வெங்காயமும் பூண்டும் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். சாக்லேட்டும், சர்க்கரை இல்லாத மிட்டாய்களில் சேர்க்கும் சைலிட்டாலும் நஞ்சு. வேகவைத்த எலும்பு உடைந்து குடலைக் குத்தலாம். இவற்றில் ஏதாவது உள்ளே போய்விட்டால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள். வீட்டுக்கு வரும் உறவினர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

படி 7: எண்ணிக்கை குறையும் நாட்கள்

குறையும். 1898இல் எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் பூனைகளைப் பெட்டியில் அடைத்து, வெளியே வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று தடவைக்குத் தடவை குறித்தார். நேரம் மொத்தத்தில் குறைந்தது, ஆனால் நேர்கோடாக இல்லை. நடுநடுவே ஏறி இறங்கித்தான் குறைந்தது. உங்கள் காலண்டரில் எண்ணிக்கையும் அப்படி ஏறி இறங்கித்தான் கூடும். ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுவரை, நாய் தெரிந்த பாடத்தையே மறந்ததுபோல நடந்துகொள்ளும். தீபாவளி வெடிச் சத்தத்தில் எதையும் எதிர்பார்க்காதீர்கள். அன்று கட்டிலடியில் அமைதியாகப் படுத்திருந்தாலே ‘சபாஷ்’ சொல்லலாம். திட்டவோ அடிக்கவோ வேண்டாம், பயந்த நாய் கற்காது. நன்றாக உட்கார்ந்துகொண்டிருந்த நாய் திடீரென்று உட்கார மறுத்தால் இடுப்பிலோ காலிலோ வலி இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

பழக்கம் நன்றாகப் படிந்தபிறகு துண்டை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். இரண்டு தடவைக்கு ஒன்று, நாலு தடவைக்கு ஒன்று என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். ‘சபாஷ்’ மட்டும் ஒவ்வொரு தடவையும் இருக்கட்டும்.

பெரியம்மா இப்போது ஞாயிறுதோறும் வருகிறார். உள்ளே நுழைந்ததும் ‘சபாஷ்டி கண்ணு’ என்கிறார். மிளகு அதையும் ஏற்றுக்கொண்டுவிட்டாள். காலண்டரில் இந்த மாதம் புது வரி: தெருமுனை டீக்கடைவரை கயிற்றை இழுக்காமல் நடப்பது. நேற்று பத்துக்கு மூன்று.